சலவைப் பக்கத்தைச் சாட்சிக்கு அழைத்தவர்கள்

தலைமை தாங்கி, தலையையும் தாராளமாக ஆட்டி, இந்த நூலகக்காரி எப்போது நிறுத்துவாள் என்று இப்போதே கைக்கடிகாரத்தைத் தடவிக்கொண்டிருக்கும் பேராசிரியப் பெருந்தகை அவர்களே. மேடையை நிறைத்திருக்கும் துறைத்தலைவர்களே. முன்வரிசையில் முழங்காலை நீவிக்கொண்டு முகம் மலர்ந்திருக்கும் மூத்தோரே. ஒரு கையால் குழந்தையை ஆட்டி மறு கையால் ஆய்வேடு எழுதும் அருமைத் தாய்மார்களே. கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், தப்பியோடும் திட்டத்தோடு தவமிருக்கும் ஆய்வு மாணவத் தங்கங்களே. மூன்றாம் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "என் பக்கம் திரும்பாதே" என்று கண்ணாலேயே என்னைக் கண்டிக்கும் மருத்துவர் அம்மா அவர்களே. உங்கள் அனைவருக்கும், இந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் தூசி தட்டித் தட்டித் தொண்டை கட்டிய ஒருத்தியின் தாழ்மையான வணக்கம்.

இன்று எனக்குத் தந்த தலைப்பு மேற்கோள். காலையில் வீட்டில் இதைச் சொன்னதும் என் மாமனார், "மேற்கோள்ல என்னம்மா இருக்கு, மேடை போட்டுப் பேச? பேரைப் போட்டோமா, பக்கத்தைப் போட்டோமான்னு போக வேண்டியதுதானே" என்றார். அதோ, முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கிறாரே, அவர்தான். மாமா, உங்களிடமிருந்தே தொடங்குகிறேன். எழுந்து போய்விடாதீர்கள்.

அவையோரே, மேற்கோள் என்பது என்ன? எனக்கு முன்னே இதைச் சொன்னவர் இன்னார், போய்ப் பாருங்கள் என்று கை காட்டுவது. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கை யாரை நோக்கி நீள்கிறது? யாரைத் தாண்டிப் போகிறது? யாரைக் கண்டால் தானாக மடங்கிக்கொள்கிறது? அந்த மடங்குதலுக்கு ஒரு நிறம் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது. என் மாமனாரின் முதுகே அதற்குச் சாட்சி.

சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இடுப்பு எலும்பில் அறுவை நடந்தது. அசையாமல் படுத்திருந்தார். படுத்தே கிடப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வரும் என்பது ஊரறிந்த செய்தி. அதனால் மருத்துவமனைச் செவிலி ஒருவர் நாள்தோறும் அவரைப் புரட்டி முதுகைப் பார்த்தார். பாடநூல் அவருக்குச் சொன்னது என்ன? தோல் சிவந்தால் புண் தொடங்குகிறது. அவ்வளவு. பாடநூலில் இருந்த படங்களெல்லாம் வெளுத்த முதுகுகள். எங்கள் மாமனாரின் முதுகு, அவையோரே, இந்த ஜென்மத்தில் சிவக்குமா? எங்கள் குடும்ப நிறத்தை நீங்களே பாருங்கள். என்னையும் சேர்த்துப் பாருங்கள். நாங்கள் வெட்கப்பட்டால்கூட வெளியே தெரியாது.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். மாமாவும் சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை. மேலே தோல் சாதுவாக இருந்தது, உள்ளே புண் பள்ளம் பறித்துவிட்டது. அந்த மனிதர் மாதக்கணக்கில் குப்புறக் கிடந்து தலையணையைக் கடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். அந்தச் செவிலி கெட்டவரா? இல்லை, தங்கமான பெண். அக்கறை இல்லாதவரா? அதுவும் இல்லை. படித்ததைப் பார்த்தார், பார்த்ததை எழுதினார். படித்த நூலில் நாங்கள் இல்லை.

இப்போது என் நாத்தனார் வருகிறாள். வீட்டில் அவளுக்குப் 'பிடிவாதம்' என்றுதான் பெயர். கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பாள். செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், அப்பாவின் முதுகையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டாள். கறுத்த தோலில் படுக்கைப்புண்ணை முன்கூட்டியே அறிவது எப்படி என்பது தலைப்பு. மாமா கேட்டார், "ஏம்மா, அப்ப என் முதுகு உனக்கு மேற்கோளா?" என்று.

அவள் எங்கள் நூலகத்தின் கீழ்த்தளத்துக்கு வந்தாள். கம்ப்யூட்டர் காட்டும் முதல் பக்கத்தோடு திருப்தியடைகிற ஜாதியில்லை அவள். பழைய இதழ்க் கட்டுகளை அவிழ்த்து, அவளும் தும்மி, என்னையும் தும்ம வைத்து, ஒரு நாள் கூப்பிட்டாள்: "அண்ணி, இங்க வாங்களேன்."

மெலிந்த ஒரு மருத்துவ இதழ். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், நம் நிறத்தவர் வாழும் பகுதியில் இருக்கிற மருத்துவமனை நடத்திய இதழ். அதில் ஒரு பெண் மருத்துவர், எங்கள் பிடிவாதம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே, பல நோயாளிகளைப் பார்த்துப் பரிசோதித்துத் தெள்ளத் தெளிவாக எழுதியிருக்கிறார். சிவப்பைத் தேடாதே. புறங்கையால் தொட்டுப் பார். சுற்றியிருக்கும் தோலைவிடச் சூடாக இருக்கிறதா? இறுகியிருக்கிறதா? கொழகொழவென்றிருக்கிறதா? வலிக்கிறதா என்று அவரையே கேள். படித்து முடித்ததும் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வழி ஏற்கெனவே இருந்திருக்கிறது. வழியைக் காட்ட ஒரு விரல் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அலமாரிக் கதவை நான் சாத்திய வேகத்துக்கு மேல்தளத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஆய்வேடு எழுதி அனுப்பினாள். அந்த மருத்துவரையே முதல் ஆதாரமாகக் காட்டினாள். புறத்தேர்வாளரின் அறிக்கை வந்தது. "அறியப்படாத ஆதாரத்தை நீக்கி, அங்கீகரிக்கப்பட்ட ஆதாரத்தை இடுக. இல்லையேல் ஆய்வேடு திருப்பி அனுப்பப்படும்." பெரிய மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பொறுப்பு அவளுக்காகக் காத்திருந்தது. பட்டம் இல்லாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். என் கணவர், அவளுடைய அண்ணன், பாசத்தில்தான் சொன்னார்: "ஒரு பேரை எடுத்துட்டு இன்னொரு பேரைப் போடுறதுல என்ன குடிமுழுகிப் போகுது?"

"அப்பா முதுகுல போய்க் கேளுண்ணா" என்றாள்.

வாய்மொழித் தேர்வு நாள். அந்தப் பெயரை மாற்றாமலேயே போய் நின்றாள். அந்த அறிக்கையை எழுதி, அங்கே தேர்வாளராகவும் வீற்றிருந்தவர் யார் தெரியுமா? இதோ, இன்றைய நம் தலைவர் அவர்கள். தலைவர் அவர்களே, தண்ணீர் குடியுங்கள், பக்கத்திலேயே இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்ல அவரே எனக்கு அனுமதி தந்திருக்கிறார். "ஒண்ணும் விடாம சொல்லும்மா" என்றார். அவசரப்பட்டுவிட்டோமோ என்று இப்போது யோசிக்கிறார்.

அவர் கேட்டார்: "இந்த அம்மா யாரு? இந்த இதழை யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லையே. உலகமே ஒத்துக்கிட்ட கட்டுரை ஒண்ணு இருக்கு, எல்லாரும் அதைத்தான் போடுறாங்க. அதைப் போட வேண்டியதுதானே?"

"போடலாம்னுதான் சார் அதைத் தேடி எடுத்தேன்."

"எடுத்தா?"

"எல்லாரும் குடுத்திருக்கிற அதே தொகுதி, அதே பக்கம் சார். அங்க ஆஸ்பத்திரி விரிப்பை எப்படிச் சலவை பண்றதுன்னு போட்டிருக்கு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தொகுதி எண்ணை யாரோ தப்பா அடிச்சிருப்பாங்க" என்றார்.

"ஒருத்தர் தப்பா அடிச்சா பிழை சார். அதுக்கப்புறம் இத்தனை பேரும் அதையே அடிச்சிருக்காங்களே, அதை என்னன்னு சொல்றது?" அதோடு விட்டிருக்கலாம். பிடிவாதம் விடுவாளா? "உங்க பாடநூல்லயும் அதேதான் சார் இருக்கு."

பின்வரிசையில் நான் இருந்தேன். போச்சு, பட்டமும் போச்சு, பதவியும் போச்சு என்றே நினைத்தேன்.

அன்பார்ந்தவர்களே, எண்ணிப் பாருங்கள். துணியை வெளுப்பது எப்படி என்று எழுதிய ஒரு புண்ணியவான், தான் தோல் மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்றது தெரியாமலேயே எங்கோ உட்கார்ந்திருக்கிறார். அறிஞர் அவரைக் காட்டினார், அறிஞரைப் பார்த்து அடுத்தவர் காட்டினார், அவரைப் பார்த்து அத்தனை பேரும் காட்டினார்கள். எடுத்தவர் உண்டா? பிரித்தவர் உண்டா? படித்தவர் உண்டா? ஒரு பெயர் கம்பீரமாக வந்தது, கதவு தானாகத் திறந்தது, கையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இன்னொரு பெயர் வந்தது. கை நிறையச் சான்றோடு வந்தது. "யார் நீ?" என்று வாசலிலேயே நிறுத்தினோம். ஒருவருக்குப் பெயரே போதும், இன்னொருவருக்குச் சான்றும் போதவில்லை. நிறவெறி என்றால் யாரோ தெருவில் நின்று திட்டுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இது திட்டாது. மிக மரியாதையாக, "அங்கீகரிக்கப்பட்ட ஆதாரத்தை இடுக" என்று எழுதும். எனக்கு அந்த மரியாதையைப் பார்த்தால்தான் கோபம் கூடுதலாக வருகிறது.

சரி, தலைவர் என்ன செய்தார்? கத்தினாரா? ஆய்வேட்டை வீசினாரா? "சாப்பிட்டுட்டுத் தொடரலாம்" என்று எழுந்தார். எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அவர் மட்டும் நேரே என் நூலகத்துக்கு வந்தார். மேல்சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். நான் எடுத்துத் தருகிறேன் என்றேன். "வேண்டாம்மா, நானே எடுக்கிறேன், இத்தனை வருஷமா எடுக்காததுதானே" என்றார். சலவைப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு தொகுதியாகப் புரட்டி, அந்தப் புகழ்பெற்ற கட்டுரை உண்மையில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தார். கடைசி வரி வரை படித்தார். கடைசி வரியில், பொடி எழுத்தில், "இம்முறையைச் செய்து காட்டிய அப்பகுதிப் பெண் மருத்துவர் ஒருவருக்கு நன்றி" என்று இருந்தது.

"ஒருவருக்கு" என்று தலைவர் வாய்விட்டுப் படித்தார். "அந்த அம்மாவுக்குப் பேர் ஒண்ணு இருந்திருக்குமே."

பிற்பகல் தேர்வு தொடர்ந்தது. அவர் என் நாத்தனாரைப் பார்த்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "திருத்த வேண்டியது உங்க ஆய்வேட்டை இல்லம்மா, என் புத்தகத்தை." திருத்தியும்விட்டார். தட்டுங்கள், கைதட்டுங்கள், அவருக்குத் தகும். போதும் போதும், ரொம்பத் தட்டினால் மறுபடியும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

இந்தச் செய்தி பரவியதும் ஒரு விரிவுரையாளர் என்னிடம் ஓடிவந்தார். "மேடம், நம்ம நிறத்து ஆளுங்க பேரு கொஞ்சம் குடுங்க, என் கட்டுரையில சேர்த்துடறேன்."

"அவங்க என்ன எழுதினாங்கன்னு வேண்டாமா?"

"அதுக்கெல்லாம் எங்க மேடம் நேரம்."

ஐயா, காய்கறி வாங்கினால் கேட்டு வாங்குகிற கொசுறா இது? படிக்காமல் போட்ட பெயர் எந்த நிறமாக இருந்தாலும் அது சலவைப் பக்கம்தான். கம்ப்யூட்டர் காட்டும் முதல் பக்கத்தைத் தாண்டுங்கள். தண்டவாளத்தைத் தாண்டுங்கள். உங்களுக்குத் தெரிந்த மொழியைத் தாண்டுங்கள், தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேளுங்கள். மதிப்பீட்டுக்கு அமர்ந்தால் தெரியாத பெயரிடம் கேட்கும் அதே கேள்வியைத் தெரிந்த பெயரிடமும் கேளுங்கள். அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தால் என் நூலகத்துக்கு வாருங்கள், நான் கேட்டுத் தருகிறேன்.

இனி நான் சொல்லப்போவதுதான், அவையோரே, என் நெஞ்சில் முள்ளாய் நிற்பது.

அந்த மருத்துவரைத் தேடிக் கண்டுபிடித்து, என் நாத்தனார் ஒரு நாள் நூலகத்துக்கு அழைத்து வந்தாள். நான் அந்த மெல்லிய இதழை மேசைமேல் விரித்து வைத்தேன். கட்டுரையின் முடிவில் 'இரண்டாம் பகுதி அடுத்து வரும்' என்று இருந்தது. ஆர்வத்தில் கேட்டேன்: "ரெண்டாம் பகுதி எங்கம்மா இருக்கு? நானும் தேடித் தேடிப் பார்த்துட்டேன்."

"எழுதலம்மா."

"ஏம்மா?"

"முதல் பகுதியே கிணத்துல போட்ட கல்லாக் கிடந்துச்சு. யாரும் படிக்கல, யாரும் கேக்கல. எழுதற நேரத்துல இன்னும் நாலு நோயாளியப் பாக்கலாமேன்னு போயிட்டேன்."

"அதுல என்ன எழுத நினைச்சீங்க?"

"பச்சைக் குழந்தைங்களைப் பத்தி. நம்ம குழந்தைங்க தோல்ல என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு." இதழை மெல்ல மூடினார். "வேற யாராவது எழுதியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

யாரும் எழுதவில்லை. நான் தேடினேன், நாத்தனார் தேடினாள், தலைவர் தேடினார். யாரும் எழுதவில்லை.

ஒரு மேற்கோள் விடுபட்டால் என்ன குடிமுழுகும் என்று கேட்டவர்களே, கேளுங்கள். மேற்கோள் காட்டாததால் படிக்கவில்லை. படிக்காததால் பாடமாகவில்லை. பாடமாகாததால் ஒரு நல்ல செவிலியின் நல்ல கண்கள் என் மாமனாரின் முதுகில் வராத சிவப்பைத் தேடின. அது நாம் கண்ட இழப்பு. காணாத இழப்பு எத்தனை? எழுதாமலே போன இரண்டாம் பகுதிகள் எத்தனை? அவற்றுக்காகக் காத்திருந்த தொட்டில்கள் எத்தனை? நாம் ஒருவரின் பெயரை விட்டுவிடும்போது அவருடைய பழைய கட்டுரை மட்டும் மறைவதில்லை, அடுத்த கட்டுரையும் பிறக்காமல் போகிறது. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

ஆனால் ஆறுதலும் உண்டு. அந்த இரண்டாம் பகுதி இப்போது எழுதப்படுகிறது. அம்மா சொல்கிறார், பிடிவாதம் குறுக்கே கேள்வி கேட்கிறாள், இருவரும் என் வாசிப்பறையில் உட்கார்ந்து போடுகிற சண்டையில் மற்றவர்கள் படிக்க முடிவதில்லை. நான் வாயே திறப்பதில்லை, போடட்டும்.

என்ன, பின்வரிசையில் யாரோ கேட்கிறீர்கள், "அவங்க பேரைச் சொல்லுங்க" என்று. நியாயமான கேள்வி. சொல்லத்தான் நினைத்தேன். பொன்னாடையும் பூமாலையுமாக மேடையேற்றிச் சொல்லலாம் என்று அவரிடமே கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "மேடையில என் பேரைச் சொல்லிக் கைதட்ட வைக்காதம்மா. கைதட்டுனவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. படிச்சவங்கதான் வார்டுக்குப் போவாங்க. கட்டுரையைக் குடு."

ஆகவே, அவையோரே, நான் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கே நீங்கள் என் பேச்சை மட்டும் கேட்டு, படிக்காமலேயே அந்தப் பெயரை எழுதிவிடுவீர்கள், சலவைக்காரருக்குப் பக்கத்தில் இன்னொரு சலவைக்காரராக அவரையும் உட்கார வைத்துவிடுவீர்கள். வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். அதில் அவருடைய கட்டுரையின் நகல்கள் இருக்கின்றன. தலைப்புக்குக் கீழே அவர் பெயர் முழுதாக, ஓர் எழுத்தும் குறையாமல் இருக்கிறது. எடுத்துப் போங்கள், படியுங்கள், படித்த பிறகு எழுதுங்கள். கதவோரம் தப்பியோடக் காத்திருக்கும் என் தங்கங்களே, மேசைக்கு மிக அருகில் இருப்பவர்கள் நீங்கள்தான்.

பொறுமை காத்த தலைவருக்கும், முதுகைத் தந்த மாமனாருக்கும், முறைப்பதை இன்னும் நிறுத்தாத மூன்றாம் வரிசைக்கும், செவி தந்த உங்கள் அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும். பேச்சு முடிந்தது, மேசை திறந்திருக்கிறது.