கவிதா எதிர்த்துப் பேசிய நாள்

புந்தோங்கிலிருந்து ஈப்போ நகரத்துக்குப் போகும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இரண்டு ஆசிரியைகள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் சொன்னார்: "திங்கக்கிழம என் ஸ்டூடண்ட் எனக்கு அப்பாவா இருந்தா அக்கா."

"என்ன கதை லா இது?"

"ஃபார்ம் ஃபோர் கவிதா. பதினாறு வயசு, கிளாஸ்ல வாயே திறக்காத பிள்ள. சின்னதா ஒரு நாடகம் போடலாம்னு கூப்பிட்டேன். அவ அப்பா, நான் மக. 'இன்னும் படிக்கணும்ப்பா'ன்னேன். உடனே அவ, 'படிச்சது போதும், அடுத்த மாசம் ஃபேக்டரிக்குப் போ'ன்னா. ஒருத்தரும் சிரிக்கல. அவங்க வீட்டுல நடக்குறதத்தான் சொல்றான்னு எனக்குப் புரிஞ்சிருச்சு."

"அப்புறம்?"

"ஆள மாத்திக்கிட்டோம். நான் அப்பா, அவ மக. நர்ஸ் ஆகணும்னா. நான் எதச் சொல்லி மறுத்தாலும் பதில் வச்சிருந்தா."

மூத்தவர் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். "நெசத்துல அப்பாகிட்ட பேசினாளா?"

"அன்னைக்கே பேசியிருக்கா. இன்னைக்குக் காலையில அவர் ஸ்கூலுக்கே வந்துட்டார்."

"திட்டினாரா?"

"இல்லக்கா. ஹெல்மெட்டக் கையில வச்சிக்கிட்டு கிளாஸ் வாசல்ல வந்து நின்னார். அப்புறம், 'என் மகளுக்கு இப்படிப் பேச வரும்னு எனக்குத் தெரியாது டீச்சர். நர்ஸ் ஆக என்ன படிக்கணும்னு எழுதிக் குடுங்க'ன்னார். எழுதிக் குடுத்தேன். அங்கேயே நின்னு ரெண்டு தடவ படிச்சார்."