ஞானதிரவியத்தின் குட்டைக்கால் ‘ர’

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சின்னக் கதை சொல்லியாக வேண்டும்... கேளுங்கள்.

நாகர்கோவிலில் ஒரு பதிப்பகம். அங்கே ஒரு நாள் காலை, கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு பேர் ஒரு முடிவெடுத்தார்கள். என்ன முடிவு? ‘ர’ என்ற எழுத்தின் கால் இனிமேல் குட்டையாக இருக்கும். அவ்வளவுதான். முடிவெடுத்ததும் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பொறுப்பு அப்படி. அப்புறம் டீ வந்தது.

யார் அந்த இரண்டு பேர்? ஒருவர் பதிப்பாளர் சாலமோன் அண்ணாச்சி. இன்னொருவர் கம்ப்யூட்டரில் எழுத்து வடிவமைக்கும் ஷைனி. அந்தப் பதிப்பகத்தின் பழைய குழந்தைப் புத்தகங்களுக்கெல்லாம் படம் போட்டவர் ஓவியர் ஞானதிரவியம். படம் மட்டுமா? அட்டையில் புத்தகத்தின் பெயரையும் அவரே தூரிகையால் எழுதுவார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒவ்வொரு விதமாக எழுதுவார். அவர் மறைந்து வெகுகாலம் ஆயிற்று. அந்தக் கையெழுத்தை ஒரு ஃபான்ட் ஆக்கிவிட்டால் யார் வேண்டுமானாலும் அதில் அடிக்கலாமே என்று அண்ணாச்சி நினைத்தார். நல்ல எண்ணம்தான். நான் குறை சொல்லவில்லை.

ஓவியரின் மகள் ஹெப்சிபாய் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பெயர், ‘தொட்டில் செய்த தச்சர்’. அனுமதியும் கொடுத்தார். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அண்ணாச்சி, அம்மா போய் வருஷம் ஆகப்போகுது. கல்லறையில கல்லு வைக்கணும். அப்பா இருந்திருந்தா அம்மா பேரை அவரே எழுதியிருப்பாரு. உங்க ஃபான்ட் வந்ததும் ‘சாராள்’னு ஒரு பேரு மட்டும் அடிச்சுத் தாங்க. கல்லு வெட்டுறவரு அதைப் பாத்து வெட்டிருவாரு.”

“ஒரு பேரு என்னம்மா, பைபிள் வசனமே அடிச்சுத் தாரேன்” என்றார் அண்ணாச்சி.

வேலை தொடங்கியது. எழுத்து மட்டும் வேண்டுமென்றால் முதலில் என்ன செய்ய வேண்டும்? அட்டையை ஸ்கேன் செய்து, படத்தை அழிக்க வேண்டும். அழித்தார்கள். தச்சர் போனார். உளி போனது. தொட்டில் போனது... வெள்ளைத் திரையில் எழுத்து மட்டும் நின்றது. அந்தப் பெயரில் ‘ர’ ஒன்றே ஒன்றுதான், கடைசியில். அதன் கால் பாதியிலேயே நின்றிருந்தது.

“ஏம்மா ஷைனி, இது ஏன் நொண்டுது?”

“நொண்டலை அண்ணாச்சி. அதுதான் அவரோட ஸ்டைல். எல்லாரும் நீட்டுற இடத்துல அவரு நிறுத்துறாரு பாருங்க. ஒரு அடக்கம்.”

“அடக்கமா?” அண்ணாச்சிக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. ஃபான்டுக்கான முன்னுரையில் எழுதியே விட்டார்: ‘கலைஞனின் துறவு இந்தக் காலில் தெரிகிறது.’

அதோடு விட்டார்களா? ஒரு எழுத்து துறவியான பிறகு மற்றவை மட்டும் சம்சாரியாக இருக்கலாமா? ‘ற’வின் காலை வெட்டினார்கள். ‘ழ’வின் வாலை வெட்டினார்கள். கீழே தொங்குகிற எதையும் விட்டுவைக்கவில்லை.

ஹெப்சிபாய் வந்தார். பெரிய தாளில் ‘சாராள்’ என்று அடித்துக் கொடுத்தார்கள். பார்த்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அப்பா எழுத்துதான். ஆனா அம்மாக்கு ஏன் காலை வெட்டிட்டீங்க?”

“நாங்க வெட்டலைம்மா. உங்க அப்பா எழுதினதே அப்படித்தான்” என்றாள் ஷைனி.

“அந்தப் புத்தகத்தை எடு மக்ளே.”

எடுத்தாள். ஹெப்சிபாய் அட்டையில் ‘ர’வுக்கு நேர் கீழே விரலை வைத்தார். அங்கே தொட்டில். தொட்டிலுக்குள்ளே... தூங்குகிற ஒரு குழந்தை.

“இது நான்தான். என்னைப் பாத்துத்தான் வரைஞ்சாரு. காலை முழுசா இழுத்தா பிள்ளை கண்ணுல குத்திரும்னு பாதியில நிறுத்திட்டாராம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. கல்லுல அது யாரு கண்ணுல குத்தப்போகுது? அம்மாக்கு முழுக் காலா இருக்கட்டும்.”

ஷைனி அப்போதே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். “அண்ணாச்சி, எல்லாத்தையும் திருப்பி வரையணும். முடியலைன்னா, இந்த ஒரு பேருக்காவது காலை நீட்டிக் குடுத்திருதேன்.”

அண்ணாச்சி எழுந்து நின்றார். குரலைத் தாழ்த்தி, ஜெபம் சொல்கிற மாதிரி சொன்னார்: “அது எப்படிம்மா? கல்லறையில ஒரு கால், ஃபான்ட்ல ஒரு காலா? நாளைக்கு எவனாவது போட்டோ எடுத்துப் போட்டா, ரெண்டுல எது அசல்னு கேப்பான்லா? வெளியீட்டு விழா அழைப்பிதழும் அடிச்சாச்சு. அது கிடக்கட்டும்... ஞானதிரவியம் எழுதினதைத் திருத்த நாம யாரு?”

யாரிடம் கேட்கிறார்? ஞானதிரவியத்தின் மகளிடம்! அவர் கையை நீட்டினார். புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்பர்களே, அண்ணாச்சி கெட்டவரா? இல்லை. பக்திமான். சிக்கலே அதுதான். ஒரு மனிதர் ஒரு குழந்தைக்காக ஒதுங்கினார். இவர்கள் குழந்தையை அழித்துவிட்டு, ஒதுங்கினதை மட்டும் விதியாக்கினார்கள்.

நம் வீடுகளில் இல்லையா? உங்கள் மாமனார் சாப்பிடும்போது பேச மாட்டார். ஏன்? அடுத்த அறையில் ஒரு நோயாளி தூங்கிக்கொண்டிருந்தார். நோயாளியும் போய்ச் சேர்ந்தார், மாமனாரும் போய்ச் சேர்ந்தார். நீங்கள் இன்னும் வாய் திறக்காமல் சாப்பிடுகிறீர்கள். பிள்ளை பேசினால் அதட்டுகிறீர்கள். கேட்டால், பரம்பரை வழக்கம்!

பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள். யாருக்காகச் செய்தார்கள்... அதைப் பாருங்கள். அந்த ஆளை அழித்துவிட்டால், உங்கள் கையில் மிஞ்சுவது பெரியவர் இல்லை. வெட்டுப்பட்ட ஒரு கால்.

ஃபான்ட் குறித்த நாளில் வெளியானது. சாராள் அம்மாவின் பெயர், கல் வெட்டுகிறவர் எல்லோருக்கும் வெட்டுகிற எழுத்தில் இருக்கிறது.