எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

— மெத்தை சுகத்துல கண்ணசந்துட்டேன் மிங்கோ. சமையல்கட்டுத் தரையில படுத்த உடம்பு இல்லையா! வண்டியும் மெத்தையும் குடுத்தப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும்.

— நிறைமாசக்காரின்னு எசமானியம்மாவுக்கு இரக்கம், சபீனா. அவங்க தங்கச்சி வீட்டுல பிரசவம் பாக்கலாம்னாங்க.

— அதுக்கு மேரிலாந்து வரைக்கும் போகணுமா? நம்ம பென்சில்வேனியாவுல மருத்துவச்சியே இல்லையா?

— மெதுவாப் பேசு புள்ள. எசமானியம்மா முன்வண்டியில இருக்காங்க.

— கேட்டா கேக்கட்டும். புதுச் சட்டத்தை நீதானே சொன்ன? இங்க பெத்தா என் குழந்தைக்கு இருபத்தெட்டு வயசுல விடுதலை. எல்லையத் தாண்டிப் பெத்தா சாகுறவரைக்கும் அடிமை. அதுக்குத்தான் இந்த மெத்தை!

— பாதை மேடு பள்ளமா இருக்கு, கெட்டியாப் பிடிச்சுக்க.

— ஜூலை மாசம் சுதந்திர நாள் விருந்துல எசமான் என்னமா முழங்கினாரு! உரிமை ராஜா போடுற பிச்சை இல்லையாம், மனுஷனோட கூடவே பிறக்குதாம். மேசையத் தட்டின தட்டுல என் கையில இருந்த சூப்பே தளும்பிச்சு.

— பேச்சுல அவரை அடிச்சுக்க ஆளே இல்ல.

— எங்க பிறக்கணும்னு மட்டும் அவரு சொல்வாரு போல!

— பாத்துக்கலாம் புள்ள.

— எல்லைக்கல்லு வர்றதுக்கு முன்னாடி கடையாணியப் பிடுங்கிடுறேன்னியே, மறந்துடாத. சக்கரம் கழண்டு விழுந்தா இந்தப் பக்கமே பெத்துப்பேன்.

— ஹேய், ஹேய்! குதிரை இன்னிக்கு சண்டித்தனம் பண்ணுது.

— பேச்ச மாத்தாத… அய்யோ! வலி எடுத்துடுச்சுய்யா! நிறுத்து, வண்டிய நிறுத்து!

— நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன்.

— கல்லு இன்னும் வரலைல்ல?

— அதத் தாண்டினப்புறம்தான் நீ கண்ணையே முழிச்ச.

— எழுப்பலையா நீ? கடையாணி?

— சக்கரத்துலதான் இருக்கு. உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டுத் திரும்பினதும் எனக்கு விடுதலை எழுதித் தர்றேன்னாரு எசமான். ரெண்டு பேரும் அடிமையாவே கிடந்து என்ன பண்றது? நான் வெளிய போய் உழைச்சு நம்ம குழந்தைய வாங்கிடுறேன். சத்தியமா!

— விலைக்கா?

— வேற வழி? கையக் குடு, நான் பிடிச்சுக்கறேன்.

— தொடாத. வாங்க வந்தவன் தள்ளி நில்லு. இந்தக் குழந்தையோட அப்பன் எங்கயாவது தென்பட்டா வரச் சொல்லு.