இடது இருக்கைக்கு ஒரு ஆள்

எங்கள் தெருவில் காலை பத்து மணிக்குக் காபி குடிப்போம். ஆளுக்கு ஒரு பிஸ்கட், எடுத்ததும் டப்பாவை மூடிவிடுவோம். உங்கள் காவல் நிலையத்துக் காபியும் நன்றாகவே இருக்கிறது. பிஸ்கட் இல்லையே என்று நான் குறைப்பட்டுக்கொள்ள மாட்டேன்.

என் பெயர் வீபே டைக்ஸ்மா. வயது ஐம்பத்தேழு. லிஃப்ட் பழுது பார்க்கிறேன். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான நியூ-வென்னெப்பில் ஒரு வரிசை வீட்டில் தனியாக இருக்கிறேன். பத்தொன்பது வயதில் விமானிப் பள்ளிக்கு மனுப் போட்டேன். இடது கண் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்காக யார்மீதும் எனக்குக் கோபம் கிடையாது.

மேல்மாடியில் இருக்கும் காக்பிட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடைக்கப் போட்ட ஒரு விமானத்தின் மூக்குப் பகுதியை வாங்கி, நாலாக அறுத்து, ஜன்னல் சட்டத்தைக் கழற்றிவிட்டுக் கிரேனால் தூக்கி உள்ளே வைத்தோம். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் நானேதான் கம்பி இழுத்துக் கணினியோடு சேர்த்தேன்; முன்னால் வைத்த திரையில் வானமும் ஓடுபாதையும் தெரியும். ஒன்பது வருட வேலை. அதில் ஒரே ஒரு குறை. அது இரண்டு பேர் ஓட்ட வேண்டிய விமானம். ஒருவர் சரிபார்ப்புப் பட்டியலை வாசிக்க, மற்றவர் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் பதில் சொன்னது கணினியில் பதிவு செய்த ஒரு குரல். அந்தக் குரலுக்கு ஒரு நாளும் ஜலதோஷம் பிடித்ததில்லை. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

பக்கத்து வீட்டு ரெய்னாட் நிஜமான விமானக் கேப்டன். மேலே வாடா என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன்.

"நாள் பூரா பஸ் ஓட்டிட்டு வர்றவனை, வீட்டுக்கு வந்தும் பஸ் ஓட்டுன்னா எப்படிடா?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

போன வருடம் அவன் மனைவி ஹன்னெகெயின் பிறந்த நாளன்று, எல்லோரும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது, கையில் கேக் தட்டோடு மயங்கி விழுந்தான். அது தானாக வந்த மயக்கம், எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காரணம் தெரியும்வரை பறக்கக் கூடாது என்று உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். மறுவாரம் மாடிப்படி ஏறி வந்தான்.

இடது இருக்கை கேப்டனுடையது. அதை அவனுக்குக் கொடுத்துவிட்டு நான் வலது பக்கம் உட்கார்ந்தேன். அவன் கேட்க, நான் பட்டியலை எடுத்து வாசித்தேன். அவன் பதில் சொன்னான். பதிலுக்கு நடுவில் இருமினான். என் கண் கலங்கிவிட்டது.

"என்னடா, கிளம்பறதுக்கு முன்னாடியே அழறே? பயணிங்க பார்த்தா இறங்கி ஓடிருவாங்க."

அதற்குப் பிறகு தினமும் வந்தான். கீழே பத்து மணிக் காபி, அப்புறம் மேலே போய், கடல் தாண்டிப் பெர்கன் நகருக்கும் திரும்பியும். நிஜத்தில் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம். நான் மாலை வேலைக்கு மாற்றிக்கொண்டேன். என் ஆயுளில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் துள்ளிக்கொண்டு வந்தான். "டாக்டருங்க ஒண்ணுமே இல்லேங்கறாங்க. ஒரு நாள் பூரா நெஞ்சுல கருவியைக் கட்டிக்கிட்டுத் திரியணும். அவ்வளவுதான். ஏப்ரல்ல நான் மேல இருப்பேன்டா!"

கை குலுக்கி வாழ்த்துச் சொன்னேன். அவன் போன பிறகு மேலே போய் உட்கார்ந்தேன். கணினிக் குரலைப் போட்டுப் பார்த்தேன். அரை நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. தரையில் படுத்துவிட்டேன். அவன் போய்விட்டால் செத்துவிடுவேன் என்று தோன்றியது. மிகையாகச் சொல்லவில்லை, அப்படித்தான் தோன்றியது.

என் அம்மா இறந்தபோது மிஞ்சிய இதய மாத்திரைகள் அலமாரியில் இருந்தன. கருவி கட்டிய அன்று அவன் காபியில் கொஞ்சம் கலந்தேன். இதயம் தாளம் தப்புகிறது என்று முடிவு வந்தது. இன்னும் ஆறு மாதம் தடை.

என் வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதான். "இந்த உடம்புக்கு நான் என்னடா கெடுதல் பண்ணேன்?"

"உடம்பு உன்னை எச்சரிக்குதுடா. கேட்டுக்கோ," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். மேலே இருக்கும்போது மயக்கம் வந்தால் எத்தனை உயிர்? நான் அவனைத் தரையில் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஆகஸ்ட்டில் மறுபடி சோதனை, மறுபடி காபியில் கொஞ்சம், மறுபடி அதே முடிவு. ஹன்னெகெ வேலி ஓரம் நின்று, "உங்க மாடி மட்டும் இல்லேன்னா இந்த மனுஷன் என்ன ஆகியிருப்பாரோ, வீபே," என்றாள். அந்த வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன்.

அக்டோபரில் வேறொரு டாக்டர், ஒரு நாள் போதாது, பத்து நாள் கருவி இருக்கட்டும் என்றார். ஆகவே பத்து நாளும் காபியில் கலக்க வேண்டியிருந்தது. இது நானாகத் தேர்ந்தெடுத்த அளவு இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் நாள், "கால் கனக்குதுடா," என்று மாடிப்படியில் நின்றான். மெதுவாக வா என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.

பெர்கனிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். அவன் ஓட்டினான். ஓடுபாதை நேராகத் தெரிந்தது. அப்போதுதான் நடந்தது.

நீங்கள் கேட்கிறீர்கள், ஒரு விசையைத் தட்டினால் எல்லாம் நின்றுவிடுமே, ஏன் தட்டவில்லை என்று. நடுவானில் விமானத்தை நிறுத்தி வைக்க முடியாது என்பது ரெய்னாட்டே போட்ட சட்டம். நான் இறக்கினேன். பக்கவாட்டுக் காற்று இருந்தும் சக்கரம் தரை தொட்டதே தெரியவில்லை. நிறுத்துமிடம்வரை ஓட்டிப் போய், இன்ஜினை அணைத்து, கடைசிப் பட்டியலை வாசித்தேன். அவனுடைய பதில்களையும் நானே சொன்னேன். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். இடையில் பதினோரு நிமிடம் ஆனது என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். முதல் சில நிமிடங்களில் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்பதும் அப்படித்தான்.

அடக்கத்துக்குப் பிறகு ஹன்னெகெ என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது பொய் அல்ல. விதியை உங்களுக்கு விளக்கிவிடுகிறேன். தரையிறங்கும்போது ஐந்நூறு அடியில் வலது இருக்கைக்காரர் உயரத்தைச் சொல்ல வேண்டும். இடது இருக்கைக்காரர் 'நிலை சரி' என்று பதில் சொல்ல வேண்டும். இரண்டு முறை அழைத்தும் அந்தப் பதில் வராவிட்டால், அவர் செயலிழந்துவிட்டார் என்று கொண்டு, விமானத்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"ஐந்நூறு," என்றேன்.

"வீபே, மூச்சு விட முடியலடா," என்றான்.

மறுபடியும் "ஐந்நூறு" என்றேன். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "வீபே," என்றான்.

இரண்டுமே பதில் இல்லை. அதனால் அவன் விரல்களைச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டு, விமானத்தை நான் எடுத்துக்கொண்டேன்.