சந்தனம் வைத்த படம்

நாமக்கல் ஆஞ்சநேயரைச் சேவிக்கச் சேலத்தில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு ஓவியரும் அவர் மனைவியும், மடியில் துணி சுற்றிய பெரிய படத்தோடு இருந்தார்கள்.

"படத்துக்கு எவளாச்சும் சந்தனப் பொட்டு வெப்பாளா புள்ள?" என்றார் அவர், அலுப்போடு.

"தப்புத்தானுங்க."

"மெட்ராஸ் கண்காட்சியில, அத நடத்துறவரு ஆறு பேரு படத்தைச் சேத்து மாட்டினாரு. உன்னால என்னுதை மட்டும் கழட்டிட்டாரு. இனிமே கூப்புடவே மாட்டாரு."

அந்தம்மாள் படத்தைச் சுற்றிய துணியை இழுத்துச் சரிசெய்தார்.

"படத்துல இருக்கறது அம்மன் இல்ல, கல்லு ஒடைக்கிறவ."

"தெரியுமுங்க. அவ மொகத்தப் பாத்ததும் கை தானாப் போயிருச்சுங்க."

"மத்த அஞ்சு படத்துக்குப் போகலியே?"

"அதுல எதையும் கும்புடத் தோணலீங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதன்பின் அந்தம்மாளை ஒரு வார்த்தைகூடக் கடியவில்லை.