ஏரிக்கரைத் தெருவுக்கு சைபர்

— மூச்சு வாங்கறதுக்குள்ள இன்னாத்த சொல்ல, கிளார்க்கு நைனா? எய்ந்து வா மொதல்ல. ஜீப்பு இன்னும் ஏரிக்கரையிலதான் நிக்கிது.

— எல்லம்மாவா? நீ எப்படி இங்க? உங்க தெருவே பெரியபாளையத்துக்குப் போயிருக்குமே! ஆடி ஞாயித்துக்கெழமைன்னா ஒரு ஆளு தங்க மாட்டீங்களே.

— எனக்குக் கோயிலுக்கு ஆவாத நாளு. கெடன்னு வுட்டுட்டு, வண்டி கட்டிக்கினு எல்லாரும் பூட்டாங்க. நாப்பத்தோரு ஊட்டுலயும் தட்டி சாத்திக் கெடக்குது. நான் ஆட்டுக்குத் தழை ஒடிச்சிக்கினு இருந்தேன். நாலு பேரு வந்து தெரு நடுவுல முளைக்குச்சி அடிக்கிறானுங்க நைனா! என் அடுப்பாண்ட ஒண்ணு!

— கத்தாதம்மா. தொழிற்பேட்டைக்கு எடம் அளக்கறாங்க. பாரும்மா, நிதானமா கேளு.

— நிதானமாவா? குடி முழுவுது, நிதானமாவாம்! அந்த மெட்ராஸ் ஆபீசரு, ராஜமாணிக்கமோ இன்னாவோ பேரு, அவரு என்னைப் பாத்துக்கினே கேக்கறாரு, 'இங்க யாருனா குடியிருக்காங்களா'ன்னு. நான் இன்னா பேயான்னேன். 'குடியிருந்தா ஊட்டு வரி ரசீது காட்டு'ன்னாரு. நான் எங்க போவேன்? ஒரு தாள நீட்டறாரு. பெரிய தெரு முந்நூத்திப் பன்னண்டு ரூபாயாம். கோயில் தெரு நூத்தி நாப்பதாம். ஏரிக்கரைத் தெருவுக்கு சைபராம். படிக்கத் தெரியாட்டியும் எனக்கு சைபரு தெரியும்.

— அது அவரு போட்ட மதிப்பு. மூணு நாளா இதே பெஞ்சுல உக்காந்து நம்ம வீட்டு வரிப் பதிவேட்ட காப்பி பண்ணாரு. பொது ரிகார்டு, கேட்டா காட்டித்தான் ஆகணும். எந்தத் தெருவுல எத்தினி வீடு, ஒவ்வொண்ணும் என்ன பெறும், வருசத்துக்கு அதுலேர்ந்து என்ன வரி வரும்னு தெருத்தெருவா கூட்டினாரு. எந்தப் பக்கம் எடம் எடுத்தா பஞ்சாயத்துக்கு நட்டம் கம்மியோ, அந்தப் பக்கம் எடுக்கறதுக்கு.

— அதான் எங்க தலையில கைய வெச்சானுங்களா?

— எனக்கு அப்ப தெரியாதும்மா. ரோடு போட, தெரு லைட்டு போடத்தான் கணக்கு எடுக்கறாருன்னு நெனச்சேன். 'கையெழுத்து முத்து முத்தா இருக்கே தணிகாசலம்'ன்னாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. குளுந்து போயிட்டேன்.

— நல்லா குளுந்தே! சைபரு எப்டி வந்திச்சி, அத சொல்லு.

— தெரியாத மாதிரி கேக்கறியே. அறுவத்தாறு புயல்ல உங்க தெரு மொத்தமும் விழுந்துச்சா இல்லையா? 'இடிந்து கிடக்கிறது, வரி இல்லை'ன்னு எழுதினேன். மறு வருசம் கூரை போட்டுகிட்டு குடி வந்தீங்க. திருத்தி எழுதட்டுமான்னு கேட்டப்ப உன் புருசன் கலியன்தானே கையப் புடிச்சான்? 'ரெண்டு ரூபா வரி கட்டினா நாலு நாளைக்குக் கஞ்சி இல்ல'ன்னு அழுதான். பாவமேன்னு ஏழு வருசமா அந்த வார்த்தையவே பாத்துப் பாத்து எழுதிகிட்டு வரேன்.

— பாவம்னா எழுதினே? பொங்கலுக்குப் பொங்கல் ஊட்டுக்கொரு சேவலு வாங்கிக்கினு எழுதினே.

— சேவலச் சொல்லிக் காட்டறியா? சரி, சொல்லு.

— இல்ல நைனா, வுடு. வயிறு எரியுது, அதான் வாயி பேசுது. தப்பு எங்களுதும்தான். எழுதாத எழுதாதன்னு நாங்கதான் பல்ல இளிச்சோம். இப்ப நீ வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லு, போதும். 'உங்க கிளார்க்கு நேருல வந்து, ஆளு குடியிருக்குதுன்னு சொல்லட்டும், தாள மாத்தறேன்'ன்னு அந்தாளே சொன்னாரு.

— அவரா சொன்னாரு?

— எங்காத்தா மேல ஆணை. ஜீப்பு பூட்டா முடிஞ்சிது. நட்ட ஈடும் கெடையாது, மாத்து எடமும் கெடையாது, பாழு மனைன்னே எழுதிடுவாங்களாம். கொழந்த குட்டியோட நாங்க எங்க போவோம், ரயில் ரோட்டு ஓரமா?

— பாரும்மா, நான் வந்து வாயத் தெறந்தா ஏழு வருசப் பொய்யும் என் தலையிலதான் விடியும். வேல போயிடும். ஆவணியில பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். பத்திரிகை அடிச்சாச்சு.

— ஏழு வருச வரியும் ஒண்ணா கட்டறோம். என் கம்மல வித்துக் கட்டறேன். நீ மறந்து பூட்டேன்னு சொல்லு. மனுசன் மறக்கறதில்லையா?

— நாப்பத்தோரு வீட்டையும், ஏழு தபாவா மறப்பான் ஒருத்தன்?

— உன் கால்ல வியுறேன் நைனா.

— ஐயோ, எழுந்திரும்மா! பொம்பள கால்ல விழற அளவுக்கு நான் பெரிய மனுசன் இல்ல.

— பின்ன நான் யாராண்ட போவேன்? எங்க கெட்ட நேரத்தப் பாரு. நேத்து வந்திருந்தா தெரு பூரா ஜனம். எங்க பாத்தாலும் அடுப்புப் பொகை. அந்த ஆபீசரு எந்த ரசீதும் கேட்டிருக்க மாட்டாரு. நாளைக்கி வந்திருந்தாலும் அப்டித்தான். இன்னிக்கின்னு பாத்தா வரணும்? அந்தப் பெரியபாளையத்து பவானியம்மாளே எங்கள கூப்ட்டுக்கினு, இங்க இவனுங்கள அனுப்பி வெச்சாளா?

— அம்மாள ஏன் சொல்ற? வேணாம் எல்லம்மா. அவளச் சொல்லாத.

— நாப்பத்தோரு ஊட்டு ஜனமும் அவளுக்குத்தான் பொங்க வெச்சிக்கினு கீது, வேற யார நான் சொல்றது? ஆமா, ஞாயித்துக்கெழமையில நீ ஏன் ஆபீச தெறந்து வெச்சிக்கினு ஒண்டியா ஒக்காந்துக்கினு கீற?

— அவரு திரும்பி இந்தப் பக்கமா வருவாரு. 'நேரில் பார்த்தோம், குடியிருப்பு எதுவும் இல்லை'ன்னு எழுதின தாள்ல நானும் கையெழுத்துப் போடணும்.

— போட மாட்டேன்னு சொல்லு. சொல்லு நைனா! ஏன் தலைய குனிஞ்சிக்கினே?

— அவரு வியாழக்கெழமையே உங்க தெருவ நேருல பாக்கக் கெளம்பினாரு. ஆளுங்களப் பாத்தா நான் மாட்டிக்குவேன்னு, 'ஞாயித்துக்கெழமை போலாம் சார்'ன்னு நான்தாம்மா நாள் குறிச்சுக் குடுத்தேன்.