சிவப்பியின் தொண்டையில் இருந்த தகடு

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறிக்குப் பேரிங் போய்விட்டது, ஐயா. கழற்றிக் கொடுத்தால் பார்த்துத் தருகிறேன். நான் சொல்வதை எழுதி முடித்த பிறகு கொடுத்தால் போதும். முன்னாலேயே கொடுத்தால் இவன் காக்கா பிடிக்கிறான் என்பார்கள்.

உங்கள் ஆட்கள் சிவப்பியைப் பிரித்துப் பார்த்து, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். குறையை நான் முன்பே எடுத்துவிட்டேன். இதோ, மேஜைமேல் வைத்திருக்கிறேனே, இந்தத் தகடுதான்.

சிவப்பி எங்கள் அப்பாவின் கார். இரண்டே கதவு, தாழ்ந்த கூரை. மிதித்தால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். அப்பா துணிக்கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் பாசத்தைக்கூடப் பேரம் பேசித்தான் வாங்க வேண்டும். அவர் போன பிறகு கடையும் காரும் அண்ணனுக்கு. எனக்குக் கைத்தொழில் இருக்கிறதாம், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வேனாம். கடைக்குப் பின்சந்தில் ஒர்க்ஷாப் போட்டுப் பிழைத்தேன்.

அண்ணன் வண்டியை ஓட்டமாட்டார், விரட்டுவார். ஒருமுறை மகளைப் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டு வரும்போது லாரியை முந்தப் போய் வாய்க்காலில் இறங்கினார். யாருக்கும் அடியில்லை. வண்டி என்னிடம் ரிப்பேருக்கு வந்தது. மறுநாள் அண்ணி ஒர்க்ஷாப்புக்கு வந்தார். அந்த வீட்டில் என்னைத் தம்பி என்று கூப்பிடுகிற ஒரே ஆள்.

"தம்பி, அவரைத் திருத்த என்னால முடியாது. வண்டியையாவது திருத்துங்க."

"என்ன செய்யணும் அண்ணி?"

"நோஞ்சானாக்கிடுங்க. யாரோ கை வச்சாங்கன்னு மட்டும் தெரியக் கூடாது."

கார்புரேட்டருக்கு அடியில்தான் எஞ்சின் மூச்சு இழுக்கிற வழி. அந்த வழியில், நடுவில் சின்ன ஓட்டை போட்ட இந்தத் தகட்டை வைத்தேன். பக்கத்தில் இருக்கிற கேஸ்கெட் அட்டையின் வடிவத்துக்கே வெட்டிக் கறுப்பும் பூசினேன். ஊருக்குள் வண்டி சமர்த்தாகப் போகும். நெடுஞ்சாலையில் மிதித்தால் மாடியேறிய கிழவனைப் போல மூச்சு வாங்கும்.

அண்ணன் போகாத மெக்கானிக் இல்லை. பிளக் மாற்றினார்கள், கார்பன் சுரண்டினார்கள், பெட்ரோலைக் குறை சொன்னார்கள். சிவப்பி மசியவில்லை. வேலை அவ்வளவு சுத்தம், ஐயா. எனக்குக் கிடைத்தது ஏச்சுதான். கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்: "குதிரையைக் குடுத்தேன், கழுதையாக்கித் திருப்பிக் குடுத்துட்டான்." நான் வாய் திறக்கவில்லை. அண்ணிக்குக் கொடுத்த வாக்கு. வருஷக்கணக்கில் விழுங்கினேன். விழுங்கியது எதுவும் செரிக்கவில்லை.

போன மாதம் அண்ணன் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். நான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா என்னைக் காட்டி அண்ணனிடம் கேட்டார்.

"இவரு யாரு?"

"நம்ம மெக்கானிக்குங்க. பயங்கரக் கைராசிக்காரன். நல்லா ஓடுற வண்டியைக் குடுத்துப் பாருங்க, நீங்க நடந்துதான் வீட்டுக்குப் போவீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுத வேண்டாம். கோபக்காரன் சுத்தியலை எடுப்பான். நான் ஸ்பானரைத்தான் எடுத்தேன். மறுநாள் ஆயில் மாற்ற வண்டி வந்தது. தகட்டைக் கழற்றினேன். வால்வு இடைவெளி பார்த்து, டைமிங் சரிசெய்து, ஒரு மிதி மிதித்தேன். அப்பா காலத்துக் குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரே மிதித்துப் பார்க்கட்டும், அவரே வந்து சொல்லட்டும் என்று இருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படுகிற அன்று அண்ணி போன் செய்தார்.

"தம்பி, நானும் அவரோட வண்டியில போறேன். அது உள்ள இருக்குல்ல?"

சாயம் போகுமா என்று கேட்கிறவர்களுக்கு முகம் மாறாமல் பதில் சொல்கிற கடையில் வளர்ந்தவன் நான்.

"இருக்கு அண்ணி. நிம்மதியா போய்ட்டு வாங்க."

உண்மையைச் சொல்லியிருந்தால் திரும்ப மாட்டச் சொல்லியிருப்பார். அண்ணனோ ஊருக்குள்தான் ஓட்டியிருந்தார், இன்னும் ஒருமுறைகூட மிதித்துப் பார்க்கவில்லை.

பாலத்து வளைவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அண்ணி அங்கேயே போய்விட்டார். அண்ணனுக்குக் காலில் எலும்பு முறிவு மட்டும்.

ஆஸ்பத்திரியில் நான்தான் அவருக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தேன். பார்க்க வந்தவர்களிடம் அழுதபடி சொன்னார்: "அப்பா இருந்தப்ப ஓடின மாதிரியே பறந்துச்சு. என்னால பிடிக்க முடியல. சம்பந்தி வீட்டுக்குப் போறோமேன்னு புது ரோட்டுல இருக்கிற பெரிய ஒர்க்ஷாப்ல பாலிஷ் போட விட்டேன். அவங்கதான் எஞ்சின்லயும் ஏதோ பண்ணிருக்காங்க. கெட்டிக்காரப் பசங்க. இவனும்தான் இத்தனை வருஷம் பார்த்தான்."

பாலிஷ் போடுகிறவர்கள், ஐயா. பானெட்டைக்கூடத் திறந்திருக்க மாட்டார்கள்.

அண்ணி எனக்குத் தாய் மாதிரி. அவருக்காகத்தான், மனசாட்சி உறுத்தித்தான் இங்கே வந்தேன். தெரிந்தே கழற்றினேன். தெரிந்தே பொய் சொன்னேன். அவர் அந்த வண்டியில் ஏறுவார் என்று தெரிந்துதான் சொன்னேன். அதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் பேரம் பேச மாட்டேன். சிவப்பியைப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தது நான்தான் என்பதை மட்டும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

அண்ணனுக்கு இதில் ஒரு நகல் போகும், இல்லையா?